இந்த வண்டியை எனக்கு முன்னால் பிரித்தவர் யார்? – அனுபவப் பகிர்வு

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

பழைய வண்டியை வீட்டிலேயே பிரித்து மேய்கிற எல்லாருக்கும் ஒருவரை நன்றாகத் தெரியும். முகம் பார்த்ததில்லை, பெயர் தெரியாது, ஆனால் அவர் கைவரிசை ஒவ்வொரு நட்டிலும் இருக்கும். நமக்கு முன்னால் அதே வண்டியைக் கழற்றி மாட்டியவர். அவரைச் சந்தித்த கதைகளை இங்கே கொட்டலாம். என்னுடையதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முப்பது வயதைத் தாண்டிய ஃபோர் ஸ்ட்ரோக் பைக். இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் கூடவே சிமிட்டும். ஹாரன் அடித்தால் ஹெட்லைட் சோர்ந்துபோகும். பேட்டரிதான் என்று முடிவு கட்டிப் புதிது போட்டேன். சிமிட்டல் அப்படியே இருந்தது.

சீட்டைக் கழற்றி ஃப்யூஸ் ஹோல்டரைத் திறந்தேன். கண்ணாடிக் குழாய் ஃப்யூஸ் மேல் வெள்ளிப் பேப்பர் சுற்றியிருந்தது. ஃப்யூஸ் ஏன் போகிறது என்று தேடச் சோம்பல்பட்டு, அது போகவே முடியாதபடி பண்ணியிருக்கிறார் நம்ம ஆள். ஃப்யூஸ் போகாவிட்டால் வயர் போகும். டெயில் லைட்டுக்குப் போகும் வயர் ஃபிரேமில் உரசி, ஒரு விரல் நீளத்துக்குத் தோல் உருகிக் கிடந்தது. அங்கிருந்து பெட்ரோல் டேங்க் ஒரு முழம்கூட இல்லை. வயரை மாற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சிமிட்டல் அப்போதும் நிற்கவில்லை. மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி மைனஸிலும் மறு முனையை டெயில் லைட் பல்பு ஹோல்டரின் உலோகத்திலும் தொட்டு, லைட்டை எரியவிட்டுப் பார்த்தேன். 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 1.4 காட்டியது. பல்புக்குப் போக வேண்டிய 1.4 வோல்ட்டை, மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த் வழியே விழுங்கிக்கொண்டிருந்தது. ஃபிரேமுக்குப் பளபளவென்று பெயிண்ட் அடித்துவிட்டு, அந்தப் பெயிண்ட்டின் மேலேயே எர்த் வயரைப் போல்ட் போட்டு இறுக்கியிருக்கிறார்! இரும்பு தெரியும்வரை சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினேன். ஹோல்டருக்குத் தனி எர்த் வயரும் இழுத்தேன். மீட்டர் 0.08-க்கு இறங்கியது. புது பேட்டரிக்குத் தேவையே இருந்திருக்கவில்லை.

ஸ்லோ ஜெட்:

என் ஆள் ஸ்க்ரூ டிரைவர் வீரர். ஜப்பான் பைக் கார்புரேட்டர், அடியில் நாலு ஸ்க்ரூ. நாலுக்கும் தலை வழுக்கி, பள்ளம் கிண்ணமாகிவிட்டது. "மட்டமான ஸ்க்ரூ" என்று நானும் திட்டிக்கொண்டே என் டிரைவரை வைத்தேன். எனக்கும் வழுக்கியது.

பிறகுதான் தெரிந்தது, குற்றம் ஸ்க்ரூவின்மேல் இல்லை. நாம் ஸ்டார் என்று சொல்லும் ஃபிலிப்ஸ் வேறு, ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் வேறு. பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஃபிலிப்ஸ் முனை அந்தப் பள்ளத்தில் அடிவரை போய் உட்காராது, பலம் கொடுத்தால் ஏறி வெளியே வந்துவிடும். பல ஜேஐஎஸ் ஸ்க்ரூக்களின் தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கும், அதை வைத்து அடையாளம் காணலாம். சரியான முனை வாங்கி, சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவரில் மாட்டி ஒவ்வொரு தட்டு. மூன்று கழன்றது. நாலாவதைத் துளை போட்டுத்தான் எடுத்தேன். இப்போது நாலும் ஆலன் போல்ட்.

உள்ளே இன்னொரு அதிர்ச்சி. பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டில் அளவு எண் 95 என்று பொறித்திருக்கிறது, ஆனால் ப்ளக் கரிக்கட்டை, பெட்ரோல் தண்ணீராகப் போகிறது. புது 95 வாங்கி இரண்டையும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் பழையதன் துளை வட்டமாகவே இல்லை. இரும்புக் கம்பியை விட்டுக் குடைந்து "சுத்தம்" செய்திருக்கிறார். ஜெட் பித்தளை, கம்பி எஃகு, யார் ஜெயிப்பார்கள்? அடைப்பு இருந்தால் கார்ப் கிளீனரில் ஊறவைத்துக் காற்றடியுங்கள். ரொம்பவும் அடம் பிடித்தால் வயருக்குள் இருக்கும் மெல்லிய செம்பு இழை ஒன்று போதும்.

புகை வண்டி:

அண்ணே, என் கதையில ஆளு நல்லவரு, ஆனா சிலிக்கான் பசைப் பைத்தியம். டூ ஸ்ட்ரோக் வண்டி. சிலிண்டரைக் கடைஞ்சு ரீபோர் பண்ணி புது பிஸ்டன் போட்டு ஆசை ஆசையா ஓட்டுனேன், மூணாவது வாரம் பிஸ்டன் ஜாம். எல்லாரும் ஒரே பாட்டு: "ஆயில் பத்தல தம்பி." நானும் லிட்டருக்கு 40 மில்லி ஊத்துனதை 50 ஆக்குனேன். மறுபடி பிஸ்டன், மறுபடி ஜாம்!

இதுல நான் பண்ண முட்டாள்தனம் என்னன்னா, ஆயிலைக் கூட்டுனா அதே ஜெட் வழியாப் போற கலவையில பெட்ரோல் பங்கு குறையும். ஏற்கனவே பெட்ரோல் பத்தாம சூடாகுற இன்ஜினை இன்னும் வறட்டுறேன். ஜாம் ஆகுறதுக்கு முன்னாடி வண்டி சொல்லிட்டுத்தான் இருந்துச்சு. ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ஸ்பீடு உடனே இறங்காது, கொஞ்ச நேரம் மேலேயே நின்னு அப்புறம் மெதுவா இறங்கும். எங்கயோ இருந்து காத்து இழுக்குதுன்னு அர்த்தம். எனக்கு அது நல்ல பிக்கப் மாதிரி தெரிஞ்சுச்சு, சந்தோஷமா வேற இருந்தேன்.

கடைசில கார்ப் வாயையும் சைலன்சர் வாயையும் ரப்பர் வெச்சு அடைச்சு, ப்ளக் துளை வழியா 6 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் காத்து ஏத்திப் பார்த்தேன். ஒரு 6 நிமிஷம் நிக்கணும்னு சொல்வாங்க. எனக்கு 20 செகண்ட்ல இறங்கிருச்சு. சோப்புத் தண்ணி தெளிச்சா ரெண்டு இடத்துல நுரை. ஒண்ணு மேக்னட் பக்கம் கிராங்க் தண்டைச் சுத்தி இருக்குற ரப்பர் ஆயில் சீல், மாட்டும்போதே உதடு மடங்கிப் போயிருக்கு. இன்னொண்ணு கார்பை இன்ஜினோட சேர்க்குற மேனிஃபோல்டு. அங்க கேஸ்கெட்டே இல்ல, வெறும் சிலிக்கான். சாதாரண சிலிக்கான் பெட்ரோல்ல ஊறி உப்பி பிய்ஞ்சு வரும்ணே. ஒரு துணுக்கு உள்ள போர்ட்டுலயே ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

சீல் மாத்தி, தடிமனான கேஸ்கெட் பேப்பரை நானே வெட்டிப் போட்டேன். ஆயில் பழையபடி 40. ரெண்டு வருஷமா அதே பிஸ்டன்தான்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

தம்பி, அந்த "பிக்கப் மாதிரி தெரிஞ்சுச்சு" இருக்கிறதே, அதில் பாதிப் பேர் பிஸ்டனை இழந்திருக்கிறோம்.

டிரம் பிரேக்:

எல்லாரும் சிரித்துக்கொண்டே சொல்கிறீர்கள். என் ஆளை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பழைய கார், நாலு சக்கரத்திலும் டிரம். அப்பா காலத்தில் வாங்கிக் கைமாறிப்போன அதே மாடல் என்பதால் தேடி வாங்கினேன். ஓட்ட ஓட்டப் பிரேக் இறுகிக்கொண்டே வரும். பத்து நிமிடத்தில் வண்டி நகர மறுக்கும், வீல்களில் கை வைக்க முடியாத சூடு. அரை மணி நேரம் நிறுத்தினால் சரியாகிவிடும். டிரம்மை உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் அட்ஜஸ்ட்மெண்டைத் தளர்த்தித் தளர்த்தி இரண்டு வாரம் வீணாக்கினேன்.

தடயம் ஒரு மூடியில் இருந்தது. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்தேன், உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் திரும்ப உட்கார மாட்டேன் என்கிறது. உப்பிப்போய்த் தன் இடத்தைவிடப் பெரிதாகியிருந்தது. பிரேக் ஃப்ளூயிடுக்குப் பதில் யாரோ வேறு ஏதோ எண்ணெயை ஊற்றியிருக்கிறார்கள். சோதிப்பது சுலபம்: ஒரு கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் சில சொட்டு விடுங்கள். டாட் 3, டாட் 4 வகைப் பிரேக் ஃப்ளூயிட் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும். இன்ஜின் ஆயில் வகையறா மேலே மிதக்கும். எனக்கு அழகாக மிதந்தது.

இதில் ஆபத்து எங்கே என்றால், பெடலை மிதித்தால் ஃப்ளூயிடைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஃப்ளூயிட் டப்பாவுக்குத் திரும்பிப் போக ஊசித் துளை அளவுக்கு ஒரு வழி உண்டு. ரப்பர் கப் வீங்கினால் அந்தத் துளையை மூடிக்கொள்ளும். மிதித்த அழுத்தம் வெளியேறாது, காலை எடுத்தாலும் ஷூ டிரம்மைப் பிடித்தபடியே இருக்கும். சூடு ஏற ஏற ஃப்ளூயிட் விரிந்து இன்னும் இறுக்கும். ஃப்ளூயிடை மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. வீங்கிய ரப்பர் பழைய நிலைக்கு வந்தாலும் அதை நம்பி மலையிறங்க முடியாது. மாஸ்டர் சிலிண்டர் கிட், நாலு வீல் சிலிண்டர் கிட், ஹோஸ் எல்லாமே புதிது. இரும்புக் குழாய்களைக் கழுவிக் காயவைத்துத்தான் டாட் 3 ஊற்றினேன்.

டிரம்மைக் கழற்றியபோது கூடுதலாக ஒரு பரிசு. என் வண்டியில் பின் வீலுக்கு நீளம் குறைந்த லைனிங் உள்ள ஷூ முன்பக்கமும், நீளமானது பின்பக்கமும் வர வேண்டும். இவர் இடது வீலில் இரண்டு குட்டை, வலது வீலில் இரண்டு நெட்டை மாட்டியிருந்தார். இதைத் தவிர்க்க ஒரு வழிதான் எனக்குத் தெரியும்: இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பிரிக்காதீர்கள். ஒன்றை முடிக்கும்வரை மற்றது அசல் பிரதியாக இருக்கட்டும்.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஈரத் துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகிறவர்களிடம் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

மரை கழன்றவன்:

சின்னக் கதைதான். பழைய கார், இடது பக்க வீல் நட்டு கழலவில்லை. நீளமான பைப் செருகி ஏறி மிதித்தேன். ஸ்டட் உடைந்தது. அடுத்ததும் உடைந்தது. மூன்றாவதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தபோது துருவுக்கு அடியில் முனையில் L என்ற எழுத்து. இடது மரை. அந்தக் காலத்தில் சில கார்களில் இடப்பக்கச் சக்கரத்துக்கு மரையைத் திருப்பித்தான் போடுவார்கள். நான் கழற்றுவதாக நினைத்து முழு பலத்தோடு இறுக்கிக்கொண்டிருந்தேன். இதில் எனக்கு முன்னால் தொட்டவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. பெயர்ப் பொருத்தத்தை யாரும் சுட்டிக்காட்ட வேண்டாம்.

காற்றில் குளிர்ந்தவன்:

நான் ஒரு வருடம் முழுக்க முன்னாள் ஓனரைத் திட்டியிருக்கிறேன், அதற்கு மன்னிப்புக் கேட்கும் பதிவு இது.

வண்டி ஃபோக்ஸ்வாகன் பீட்டில். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. பெரிய விசிறி ஒன்று தகரக் கூட்டுக்குள் காற்றைத் தள்ளும், அந்தக் காற்றில்தான் நாலு சிலிண்டரும் குளிர வேண்டும். பழைய இன்ஜின்களில் ஆயில் கூலரும் அந்தக் கூட்டுக்குள்ளேயே மூன்றாவது சிலிண்டருக்குப் போகும் காற்றின் குறுக்கே நிற்கும். அதனால் மூன்றாவதுக்குச் சூடு எப்போதும் கொஞ்சம் கூடுதல். 1971 மாடலில்தான் கூலரைத் தள்ளி வைத்து அதற்குத் தனி வழி கொடுத்தார்கள். என்னுடையது அதற்கு முந்தையது.

வால்வு இடைவெளியை இன்ஜின் ஆறியிருக்கும்போது 0.15 மிமீ வைக்க வேண்டும். நான் வைப்பேன், அடுத்த முறை பார்த்தால் மூன்றாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் வால்வில் மட்டும் இடைவெளி இறுகியிருக்கும். திரும்ப வைப்பேன், திரும்ப இறுகும். இடைவெளி கூடினால் டக்டக்கென்று சத்தம் போட்டு ஊரைக் கூட்டும். குறைந்தால் சத்தமே வராது, வால்வு உள்ளுக்குள் நீண்டுகொண்டோ, சீட்டிங் தேய்ந்துகொண்டோ போகும். அதனால் வால்வைத் தள்ளும் டேப்பெட் அமைதியாக ஓடுவதைக் கண்டால் எனக்கு இப்போதும் பயம். "இன்ஜினை எவனோ சொதப்பியிருக்கிறான்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் இன்ஜினை இறக்கி விசிறிக் கூட்டைத் தூக்கினேன். ஆயில் கூலருக்குப் பக்கத்தில், மூன்றாவது சிலிண்டருக்குக் காற்று இறங்கும் வாயில் ஒரு துணி. வறுத்தெடுத்த மாதிரி பழுப்பேறியிருந்தது. விரித்துப் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட சட்டை. பாக்கெட்டின் மேல் என் பேனா கசிந்த கறை.

முந்தைய தடவை இன்ஜின் இறக்கியபோது, உள்ளே நட்டு விழுந்துவிடக் கூடாதே என்று ஜாக்கிரதையாக நானே அடைத்து வைத்தது.

புகை வண்டி:

அண்ணே 🙏 சட்டையை ஃபிரேம் போட்டு மாட்டுங்க.

காற்றில் குளிர்ந்தவன்:

மாட்டியாச்சு. இப்போதெல்லாம் எதை அடைத்தாலும் சிவப்புத் துணி, ஒரு முழ வால் வெளியே தொங்கும். எத்தனை துணி உள்ளே போனது என்று சுவரில் சாக்பீஸால் எழுதி வைக்கிறேன்.

ஸ்லோ ஜெட்:

மாடிஃபிகேஷன் செய்தவர்களின் கையையும் சொல்ல வேண்டும். நண்பரின் பைக்கில் முந்தையவர் உயரமான ஹேண்டில்பார் போட்டிருந்தார், கேபிள்கள் பழைய நீளம். நேராகப் போகும்வரை ஒன்றும் தெரியாது. யூ டர்ன் அடிக்க முழுக்கத் திருப்பினால் ஆக்ஸிலரேட்டர் கேபிள் இழுபட்டு இன்ஜின் தானாக உறுமும். அதாவது மிக மெதுவாகப் போக வேண்டிய இடத்தில் வண்டி பாயும். ஹேண்டில்பாரைத் தொட்டால், இன்ஜினை ஸ்லோவில் ஓடவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பிப் பாருங்கள். சத்தம் மயிரிழைகூட மாறக் கூடாது. ஃபோர்க்கோடு திரும்பும் வயர் கட்டும் இறுகக் கூடாது. எல்இடி, பெரிய சைலன்சர் எல்லாம் அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

பத்தாம் நம்பர் ஸ்பேனர்:

திட்டியே தீர்த்துவிட்டோம், நல்லவர்களே இல்லையா? போன மாதம் வாங்கிய ஸ்கூட்டரின் சைடு பேனலைத் திறந்தேன். ஒவ்வொரு வயரிலும் சின்னச் சீட்டு கட்டி, எங்கே போகிறது என்று பால்பாயிண்டில் எழுதியிருக்கிறது. டைமிங் குறியில் வெள்ளைப் பெயிண்ட் புள்ளி. ப்ளக்குக்குப் பொறி கொடுக்கும் பாயிண்ட்டின் மூடி உட்பக்கம் பென்சிலால் "0.4" என்றும், அதன் கீழே எட்டுத் தேதிகளும். நான் அந்த 0.4 மிமீ பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்துவிட்டு ஒன்பதாவதை எழுதினேன். அவர் எழுத்து என்னுடையதைவிட அழகு.

மீதி நட்டு:

நீங்கள் எல்லாரும் விடை கண்டுபிடித்தவர்கள். எனக்கு ஒரு உதவி வேண்டும். ஆயில் மாற்றும்போது வடிகால் போல்ட் வழியாக ஒரு சின்ன எஃகு ஊசி வந்தது. 11 மிமீ நீளம், 3 மிமீ தடிமன், இரு முனையும் லேசாக உருண்டை, தேய்மானம் துளிகூட இல்லை. பேரிங் ரோலர் என்று நினைத்து கியர்பாக்ஸ் வரை பிரித்தேன். எல்லா ரோலரும் இருக்கிறது, அளவும் ஒத்துவரவில்லை. பார்ட்ஸ் புத்தகத்தில் அப்படி ஒரு பின்னே கிடையாது. திரும்ப மாட்டி எட்டு மாதம் ஆகிறது. சத்தம் இல்லை, கியர் வழுக்கவில்லை, ஆயிலில் இரும்புத்தூளும் இல்லை. ஊசி ஒரு சீசாவில் என் மேஜைமேல் இருக்கிறது. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், நாளைக்குப் படம் எடுத்துப் போடுகிறேன்.