ஏற்காட்டு ஏற்றத்தில் வண்டி நின்றால் பம்ப்தான் காரணமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

பெட்ரோல் கார் மலையேறும்போது நின்றுவிட்டது என்று சேலத்தில் ஏதாவது ஒரு பட்டறையில் சொல்லிப் பாருங்கள். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே ‘பம்ப் போய்விட்டது’ என்று தீர்ப்பு வந்துவிடும். டேங்க்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் மோட்டார்தான் இந்தப் பம்ப். என் மாமாவின் பழைய காருக்கும் அதே தீர்ப்புதான். டேங்க்குக்குள் இருக்கும் மொத்த செட்டையும் மாற்ற வேண்டும் என்று ஐந்திலக்கத்தில் ஒரு தொகையையும் சொல்லிவிட்டார்கள்.

அறிகுறிகளைப் பார்த்தால் அதைத் தள்ளவும் முடியவில்லை. அஸ்தம்பட்டி, கோரிமேடு வரை வண்டி சுணங்காமல் போகும். அடிவாரம் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் இழுவை குறையும். 60 அடி பாலம் பக்கம் போனால் ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் திணறி நின்றுவிடும். ஓரங்கட்டி ஆறவிட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். சேலம் 300 மீட்டர் உயரத்துக்கும் கீழே இருக்கிறது. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். நடுவில் 20 வளைவுகள். இன்ஜின் அதிகமாகப் பெட்ரோல் கேட்பது அங்கேதான். தளர்ந்த பம்ப்பின் குட்டு வெளிப்படுவதும் அங்கேதான்.

பணத்தைக் கொட்டுவதற்கு முன் எங்கள் பகுதியில் இருக்கும் வயதான ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டினோம். “சோறு போடாமல் ஆளைச் சோம்பேறி என்று சொல்லக் கூடாது தம்பி. முதலில் பம்ப்புக்குக் கரண்ட் முழுசாகப் போகிறதா என்று பார்க்கலாம்” என்றார்.

சாவியை ஆன் நிலைக்குத் திருப்பச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் காதை வைத்தார். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பம்ப் சுமார் 2 நொடி ஓடி நிற்கும். ஓடியது, ஆனால் முனகலாக. பம்ப் ரிலேயையும் (பம்ப்புக்குக் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) அதே எண்ணுள்ள ஹார்ன் ரிலேயையும் இடம் மாற்றிப் போட்டார், வித்தியாசம் இல்லை. பிறகு பெட்ரோல் பைப்பில் பிரஷர் கேஜ் மாட்டினார். அந்த வண்டிக்கு 3 பார் அழுத்தம் வேண்டும். ஆக்சிலேட்டரை மிதிக்காமல் ஐடிலில் விட்டபோது முள் அதை ஒட்டித்தான் நின்றது. இன்ஜினை உறுமவிட்டதும் 2 பாருக்குக் கீழே சரிந்தது. ‘பார்த்தீர்களா, பம்ப்தான்’ என்று முடித்துவிடத் தோன்றும் இடம் இது. கேஜ் சொல்வது அழுத்தம் குறைகிறது என்பதை மட்டும்தான். ஏன் குறைகிறது என்பதை அது சொல்லாது.

பின்சீட்டைத் தூக்கிவிட்டு, பம்ப்புக்குப் போகும் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தார். 12.4 வோல்ட். “இதை நம்பாதே” என்று சொல்லிக்கொண்டே கனெக்டரைத் திரும்ப மாட்டினார். சுமை இல்லாமல் அளந்தால் ஒரே ஒரு செம்பிழையில் தொங்கும் ஒயர்கூட 12 வோல்ட் காட்டும்; பம்ப் இழுக்கும்போதுதான் உண்மை தெரியும். இன்ஜின் ஓட, கனெக்டரின் பின்பக்கமாக ஊசியைச் செருகி அளந்தார். பேட்டரியில் 13.8, பம்ப்பில் 9.8. நான்கு வோல்ட்டை வழியில் எதுவோ விழுங்கிக்கொண்டிருந்தது. பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்தான் இழப்பு. பம்ப்பிலிருந்து கரண்ட் திரும்பிப் போகும் எர்த் ஒயரிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரைக்கும் அளந்தபோது மீதி 3.5 வோல்ட்டும் அகப்பட்டது.

டிக்கியின் ஓரத்தில், கார்ப்பெட்டுக்கு அடியில் அந்த எர்த் போல்ட் இருந்தது. வளையத்தில் பச்சைக் களிம்பு பூத்து, அடியில் பாடித் தகடு துருப்பொடியாக உதிர்ந்தது. மேலே டெயில் லாம்ப் ரப்பர் விட்டுப்போய் மழைநீர் இறங்கிய தடம், கறையாகப் போல்ட் வரை நீண்டிருந்தது. பம்ப் நான்கைந்து ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால், 3.5 வோல்ட் இழப்பு என்பது அந்த ஒரு போல்ட்டில் சுமார் 15 வாட் வெப்பம். சூடு ஏற ஏறத் தடை கூடும். வண்டியை நிறுத்தினால் ஆறிவிடும். ‘ஆறினால் ஓடுகிறது, எனவே பம்ப்’ என்ற கணக்கு எங்கே தவறுகிறது என்பது இப்போது புரிகிறதா?

உப்புத்தாளால் தேய்த்து, புது வளையம் போட்டு முறுக்கியதும் பம்ப்பில் 13 வோல்ட்டுக்கு மேல் வந்தது. உறுமவிட்டாலும் முள் 3 பாரில் நின்றது. டெயில் லாம்ப் ரப்பரையும் மாற்றினோம். இல்லாவிட்டால் அடுத்த மழையில் இதே கதைதான். பழைய பம்ப்தான் இன்றும் மலையேறுகிறது.

ஓமலூர் வாசி:

எங்கள் வண்டியில் பம்ப்பேதான் போயிருந்தது. என் தம்பிக்கு எப்போதும் ரிசர்வ் விளக்கு எரிய ஓட்டும் பழக்கம். டேங்க்குக்குள் இருக்கும் மோட்டாரைக் குளிர்விப்பது அந்தப் பெட்ரோல்தான் என்று சொன்னால் சிரிப்பான். முதலில் காலையில் வெகுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருந்தது. சாவியை இரண்டு மூன்று முறை ஆன் ஆஃப் செய்துவிட்டு அடித்தால் உடனே எடுக்கும். அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் வால்வு கசிந்தால் அப்படித்தான். பிறகு ஒரு நாள் அறவே எடுக்கவில்லை. மெக்கானிக் டேங்க்கின் அடியில் ரப்பர் சுத்தியலால் தட்ட, தம்பி செல்ஃப் அடித்தான், ஸ்டார்ட் ஆனது. மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்ததற்கு அடையாளமாம் அது. அப்படித் தட்டுவது வீடு போய்ச் சேரத்தான் உதவும். பம்ப்போடு அடியிலிருக்கும் வலை ஃபில்டரையும் மாற்றி, டேங்க்கையும் கழுவினோம். அழுக்கு டேங்க்கில் புது பம்ப் போடுவது வீண் செலவு.

நாகலூர் எஸ்டேட்:

இன்னொரு ஏமாற்றுக்காரன், இன்ஜின் சுழல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். அதுவும் சூட்டில் செத்து, ஆறினால் உயிர் பெறும். அந்தச் சிக்னல் வராவிட்டால் கம்ப்யூட்டர் பம்ப்புக்கே கரண்ட் கொடுக்காது. செல்ஃப் அடிக்கும்போது பம்ப் ஓடவில்லை என்று கண்டு எங்கள் ஜீப்புக்குப் பம்ப் மாற்றிய புண்ணியவான்கள் உண்டு. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கொஞ்சம்கூட அசையாவிட்டால் சந்தேகம் சென்சார்மேல் திரும்ப வேண்டும். சில வண்டிகளில் முள் எப்போதுமே அசையாது. ஸ்கேனர் போட்டுப் பார்த்தால் உறுதியாகும். ஸ்பார்க்கும் சேர்ந்தே இல்லையென்றால் பம்ப்பைக் குறை சொல்ல வழியே இல்லை.

கோரிமேடு:

பிரஷர் கேஜை நானே மாட்டிப் பார்க்கலாமா?

செவ்வாய்ப்பேட்டைக்காரன்:

இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பம்ப் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பைப்பில் மிச்சமுள்ள பெட்ரோல் தீர்ந்து தானே நின்றுவிடும். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, இணைப்பில் துணியைச் சுற்றிக்கொண்டு பைப்பை விடுவியுங்கள். இதைச் செய்யாமல் கழற்றினால் 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் முகத்திலும் சைலன்சர் குழாயிலும் பீய்ச்சும். கேஜை இறுக்கமாக மாட்டிய பிறகுதான் ஃப்யூஸும் பேட்டரியும். சாவியை ஆன் செய்து, கசிவில்லை என்று பார்த்த பிறகுதான் ஸ்டார்ட். இதில் எந்த இடத்தில் தயக்கம் வந்தாலும் கேஜை விட்டுவிடுங்கள். பின்சீட்டுக்கு அடியில் வோல்ட் அளப்பதற்குப் பெட்ரோல் பைப்பைத் தொடவே வேண்டியதில்லை.