வாங் ஷீஜிக்கு முன்பே வனப்பெழுத்தைப் பற்றிச் சீனர்கள் எழுதியவை எவை?

கேள்வி (மைக்கூடு):
வணக்கம். சீன வனப்பெழுத்து, அதாவது தூரிகையால் அழகுற எழுதும் கலை, என்றதும் பலரும் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த புகழ்பெற்ற எழுத்துக் கலைஞரான வாங் ஷீஜியிடமிருந்தே பேச்சைத் தொடங்குகிறார்கள். அவருக்கு முன்பே எழுத்தின் தோற்றத்தையும் வளர்ச்சியையும் அழகையும் குறித்து எழுதப்பட்டவற்றில் எவற்றை முதலில் படிக்கலாம்? அவை கூறும் வரலாறு அகழாய்வுச் சான்றுகளோடு ஒத்துப்போகிறதா?

மறுமொழி (பனுவல்):
சூ ஷென் தொகுத்த ‘ஷுவோவன் ஜியேசு’ அகராதியின் பின்னுரையைத்தான் முதலில் படிக்க வேண்டும். கி.பி. 100-இல் முடிக்கப்பட்ட இந்நூலை, 121-இல் அவருடைய மகன் அரசவையில் அளித்தார். 9,353 எழுத்துகளை 540 பிரிவுகளில் அடுக்கிய சூ ஷென், பறவை விலங்குகளின் காலடித் தடங்களைக் கண்டு சாங் ஜியே என்பவர் எழுத்தைப் படைத்த தொன்மத்தில் தொடங்கி, நாடுகள் பிரிந்து எழுத்தும் பலவாகச் சிதறியதையும், சின் பேரரசின் அமைச்சர் லீ சு முதலானோர் சிறு முத்திரை எழுத்து என்னும் வளைகோட்டு வடிவத்தை ஒழுங்குபடுத்தியதையும் சொல்லிச் செல்கிறார். நிர்வாக வேலையும் சிறை வழக்குகளும் பெருகியதால், எளிமையை நாடி, அலுவலக எழுத்தர்கள் பயன்படுத்திய ‘எழுத்தர் எழுத்து’ என்னும் வகை தோன்றியது என்பது அவர் தரும் விளக்கம்.

காரணம் சரியானதே, காலத்தைத்தான் சற்றுத் திருத்திக்கொள்ள வேண்டும். சிச்சுவான் மாநிலத்தின் சிங்சுவானில் கிடைத்த, கி.மு. 309-ஆம் ஆண்டைச் சேர்ந்த மரப்பலகையில் எழுத்தர் எழுத்தின் சாயல் ஏற்கெனவே தெரிகிறது. சின் பேரரசு உருவாவதற்கு எண்பது ஆண்டுகளுக்கும் முன்பே எழுத்து மாறத் தொடங்கிவிட்டது. குறி கேட்பதற்காகப் பழங்காலத்தில் எழுத்துகள் பொறிக்கப்பட்ட ஆரூட எலும்புகளின் எழுத்துகளை அறிஞர்கள் 1899-இல்தான் அடையாளம் கண்டார்கள் என்பதால், சூ ஷென்னின் சொல்லாய்வுகள் சிலவற்றை இன்று ஏற்க முடியாது. ஆனாலும் அவருடைய நூல் இல்லாமல் அந்த எலும்புகளைப் படித்திருப்பதே மிகக் கடினம்.

மறுமொழி (நெடுங்கணக்கு):
பனுவல் ஐயா கூறியது எழுத்தின் வரலாறு. எழுத்தை அழகுக்காகப் போற்றிய படைப்பு வேண்டுமானால், சுய் யுவான் விரைவெழுத்தை (கோடுகளைச் சுருக்கியும் இணைத்தும் வேகமாக எழுதும் வகை) பற்றி இயற்றிய சிறு பாடலைப் பாருங்கள். இரண்டாம் நூற்றாண்டில் மறைந்த அவர், சதுரம் மூலைமட்டத்துக்கு அடங்காமலும் வட்டம் கவராயத்துக்கு இசையாமலும் நிற்கும் வடிவங்களை, பறக்க எத்தனிக்கும் பறவையாகவும், திடுக்கிட்டு ஓடவிருக்கும் முயலாகவும் காண்கிறார். அசைவு தொடங்குவதற்கு முந்தைய கணத்தையே அவர் அழகெனப் பிடித்திருக்கிறார்.

அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜாவோ யி எழுதிய விரைவெழுத்துக் கண்டனத்தை நான் அதைவிட முக்கியமாகக் கருதுகிறேன். வானமோ ஆறுகளோ அருளாத, ஞானியர் எவரும் படைக்காத இந்த எழுத்து, சின் ஆட்சியின் இறுதியில் அவசரக் கடிதங்களுக்காகப் பிறந்தது என்கிறார் அவர். வேகத்துக்காகப் பிறந்ததையே, துன்ஹுவாங்கைச் சேர்ந்த விரைவெழுத்துக் கலைஞர் ஜாங் ஜி முதலானோரைப் பின்பற்றுகிறவர்கள் கடினமும் தாமதமும் ஆக்கிவிட்டார்கள் என்பதே அவருடைய குற்றச்சாட்டு. பத்து நாளுக்கு ஒரு தூரிகையைத் தேய்க்கிறார்கள்; கழுத்துப்பட்டையும் சட்டைக்கையும் கறுத்துப்போகின்றன; ஊர்ப் பேச்சில் கலந்துகொள்ளாமல் விரலால் தரையைக் கீறிக் குருதி வரவழைத்துக்கொள்கிறார்கள்; இத்தனைக்கும் இத்திறமையைக் கொண்டு அரசு எவரையும் பதவிக்குத் தேர்ந்தெடுப்பதில்லை. பயன் எதிர்பாராமல் எழுத்தில் தோய்ந்து கிடந்த கூட்டம் ஒன்று அப்போதே இருந்தது என்பதற்கு, எதிர்த்தவரின் இந்தச் சாட்சியத்தைவிட உறுதியான சான்று வேறென்ன வேண்டும்? எல்லைக் காவற்படையினர் பயன்படுத்திய, ஜுயான் என்னும் இடத்தில் கிடைத்த மரக்கீற்றுகளிலும் விரைவெழுத்து காணப்படுவதால், அலுவலகத் தேவையே அதன் தொடக்கம் என்ற அவருடைய கருத்தும் வலுப்பெறுகிறது.

மைக்கூடு:
இருவருக்கும் நன்றி. இந்தப் பழைய படைப்புகள் நமக்கு எந்த வழியாக வந்து சேர்ந்தன? வாங் ஷீஜியின் ஆசிரியையாகக் கருதப்படும் வெய் அம்மையார் எழுதியதாகச் சொல்லப்படும், தூரிகை வீச்சைப் போர் வியூகத்தோடு ஒப்பிடும் நூலையும் இவற்றோடு சேர்க்கலாமா?

மறுமொழி (பனுவல்):
சுய் யுவானின் பாடலை, 291-இல் கொல்லப்பட்ட வெய் ஹெங், நான்கு எழுத்து வகைகளைப் பற்றிய தம் கட்டுரையில் எடுத்தாண்டார். அந்தக் கட்டுரை ஏழாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஜின் வரலாற்றில் இடம்பெற்று நிலைத்தது. ஜாவோ யியின் கண்டனம் ஒன்பதாம் நூற்றாண்டில் ஜாங் யான்யுவான் செய்த தொகுப்பின் வழியாகக் கிடைக்கிறது. வெய் அம்மையார் பெயரில் வழங்குவதைப் பிற்காலத்தவர் எழுதியதாகவே ஆய்வாளர் பலர் கருதுவதால், தொடக்ககாலச் சான்றாக அதைக் கொள்ள வேண்டாம். ஆசிரியரின் கையெழுத்திலேயே ஒரு நூலைக் காண விரும்பினால், சுன் குவோடிங் 687-இல் விரைவெழுத்தில் எழுதிய ‘ஷுபு’ என்னும் வனப்பெழுத்து நூல் தைபேயில் உள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜாங் ஜியையும் வாங் ஷீஜியையும் ஒப்பிட்டே அவர் தம் நூலைத் தொடங்குகிறார் என்பதால், மேற்கண்டவற்றைப் படித்த பிறகு அதை எடுத்துக்கொள்வது நல்லது.