அனி: கார்ஸிலிருந்து வழிகாட்டியோடு ஒருநாள். போய் வந்தவர்கள் நீங்களும் சொல்லுங்கள்

மதுரைக்காரி:

துருக்கி போய் வந்த நம் ஆட்கள் இஸ்தான்புல், கப்படோக்கியா பலூன் என்று எழுதிக் குவித்திருக்கிறார்கள். அனியைப் பற்றித் தமிழில் யாரும் எழுதி என் கண்ணில் படவில்லை. அதனால் நானே ஆரம்பிக்கிறேன்.

துருக்கியின் கிழக்கு ஓரத்தில், கார்ஸ் நகரத்திலிருந்து 45 கிலோமீட்டரில் இருக்கிறது இந்தப் பாழடைந்த பழைய நகரம். இரண்டு பக்கம் பள்ளத்தாக்கு, மூன்றாவது பக்கம் கோட்டை மதில். நடுவில் முக்கோணமாக ஒரு பொட்டல் மேடு. 961-ல் ஆர்மேனியாவின் பக்ரதுனி மன்னன் மூன்றாம் அஷோத் தலைநகரைக் கார்ஸிலிருந்து இங்கே மாற்றினான். ஆயிரத்தொரு தேவாலயங்களின் நகரம் என்று புகழ்ந்திருக்கிறார்கள். இன்றைக்கு மதிலுக்குள் ஒரு வீடு கிடையாது. வெளியே ஒஜாக்லி என்று சின்ன கிராமம், மாடுகள், கூட்டம் கூட்டமாகப் பெருவாத்துகள், அவ்வளவுதான்.

கார்ஸில் தங்கிய விடுதியில் சொல்லி வழிகாட்டியைப் பிடித்தோம். கார் அவருடையது, ஓட்டியதும் அவரே. நல்ல பையன். சிங்க வாசலில் நிறுத்தி, உள்மதிலில் செதுக்கியிருக்கும் சிங்கத்தைக் காட்டிவிட்டுக் கதையைத் தொடங்கினார்: "1064-ல் செல்ஜுக் துருக்கியரின் சுல்தான் அல்ப் அர்ஸ்லான் இந்த நகரத்தைப் பிடித்தார்."

எங்க வீட்டுக்காரர் சரித்திர வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருப்பாரா? "யார்கிட்ட இருந்து பிடிச்சார் தம்பி?" என்றார்.

"கான்ஸ்டான்டினோபிளிலிருந்து ஆண்ட பைசாந்தியர்களிடமிருந்து."

"அவங்களுக்கு எப்படி வந்துச்சு?"

"1045-ல் வந்தது."

"அதுக்கு முன்னாடி?"

பையன் சிரித்துவிட்டார். தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள் என்றார். பெரிய கூட்டங்களில் ஆர்மேனியர் பேச்சை எடுத்தால் யாராவது முகத்தைத் தூக்குவார்கள், வம்பு எதற்கு என்று 1064-லேயே ஆரம்பித்துப் பழகிவிட்டாராம். அதற்கப்புறம் மறுபடி முதலிலிருந்து சொன்னார் பாருங்கள், அதுதான் நாங்கள் கொடுத்த காசுக்குப் பெறுமானம்.

பெரிய தேவாலயத்தை 989-ல் ஆரம்பித்து 1001-ல் முடித்திருக்கிறார்கள். முடித்து வைத்தவள் முதலாம் காகிக் மன்னனின் ராணி கத்ரானிதே. கட்டியவர் த்ரதாத் என்ற சிற்பி. அதே 989-ல் கான்ஸ்டான்டினோபிளில் நிலநடுக்கம் வந்து ஹாகியா சோபியாவின் குவிமாடம் சரிந்தபோது, அதைச் சீர்செய்ய அங்கே அழைத்துப் போனது இவரைத்தான். இஸ்தான்புல்லில் அந்தக் குவிமாடத்துக்குக் கீழே கூட்டத்தில் இடிபட்டு நின்றோமே, அங்கே யாரும் இவர் பெயரைச் சொல்லவில்லை. அவர் அங்கே சீர்செய்தது இன்னும் நிற்கிறது. இங்கே அவர் கட்டிய குவிமாடம் 1319 நிலநடுக்கத்தில் போய்விட்டது. நாங்கள் போனபோது வேலை நடந்துகொண்டிருந்ததால் உள்ளே விடவில்லை. வெளியிலிருந்தே பார்த்தோம். ஒல்லி ஒல்லியான தூண்வேலைப்பாடு சுவரை மேலே இழுத்துக்கொண்டு போகிறது.

எனக்கு மனசில் நின்றது அது இல்லை. பள்ளத்தாக்குச் சரிவில் கொஞ்சம் இறங்கிப் போனால் 1215-ல் திக்ரான் ஹோனென்ட்ஸ் என்ற வணிகர் கட்டிய தேவாலயம். உள்ளே சுவர் முழுக்க ஓவியம். இயேசுவின் கதை ஒரு பக்கம், ஆர்மேனியாவைக் கிறித்தவத்துக்குக் கொண்டுவந்த புனித கிரிகோரியை வதைத்த கதை இன்னொரு பக்கம். கைக்கு எட்டிய இடமெல்லாம் முகங்களைச் சுரண்டி, பெயர்களைக் கிறுக்கி வைத்திருக்கிறார்கள். எட்டாத உயரத்தில் நீலம் அப்படியே இருக்கிறது. வெளிச்சுவரில் நீளமான கல்வெட்டு. இன்னின்ன சொத்தை இந்தத் தேவாலயத்துக்கு எழுதிவைத்தேன் என்று அந்த வணிகர் வெட்டி வைத்த பட்டியல் அது.

இன்னொன்று, மீட்பர் தேவாலயம். 1035-ல் கட்டியது. வெளிப்பக்கம் 19 பட்டைகள். 1957-ல் ஒரு புயல் ராத்திரியில் பாதி விழுந்துவிட்டது, மீதிப் பாதி நிற்கிறது. அறுத்த கொய்யாப்பழம் மாதிரி உள்ளே இருப்பது முழுக்கத் தெரிகிறது. இங்கே எரிமலைக் கல்லைப் பலகை பலகையாகச் செதுக்கி இரண்டு பக்கமும் வைத்து, நடுவில் கல்லும் சுண்ணாம்புமாகக் கொட்டி இறுக்கியிருக்கிறார்கள். முகக்கல்லை ஊர்க்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போன பிறகும் பல சுவர்கள் வெறும் கலவையாகவே நிற்பது இதனால்தான்.

போகிறவர்களுக்கு: நிழலே கிடையாது. காற்று சேலையைப் பிடுங்கும், சுடிதார் உத்தமம். உள்ளே கடை இல்லை, தண்ணீர் எடுத்துப் போங்கள். மூன்று மணி நேரமாவது வேண்டும். ஒரு மணி நேரத்தில் காட்டிவிடுகிறேன் என்று சொல்கிறவரோடு போகாதீர்கள்.

யெரெவான் மாணவன்:

அக்கா, நான் ஆர்மேனியத் தலைநகர் யெரெவானில் மருத்துவம் படிக்கிறேன். நான் அனியைப் பார்த்தது எதிர்க்கரையிலிருந்து!

நீங்கள் பார்த்த பள்ளத்தாக்கின் அடியில் ஓடும் ஆறு இருக்கிறதே, அதற்கு இந்தப் பக்கம் அக்ஹூரியான் என்று பெயர். அதுதான் துருக்கிக்கும் ஆர்மேனியாவுக்கும் எல்லை. 1993-லிருந்து மூடிக் கிடக்கிறது. நான் வகுப்புப் பசங்களோடு ரயிலில் க்யூம்ரி போய், அங்கே ஒரு வழிகாட்டியம்மாவோடு கார் எடுத்துக்கொண்டு கார்கோவ் என்ற எல்லைக் கிராமத்துக்குப் போனேன். முன்கூட்டியே பாஸ்போர்ட் விவரம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், அதை அந்த அம்மாவே பார்த்துக்கொண்டார். நாங்கள் போனபோது காவலுக்கு நின்றவர்கள் ரஷ்ய வீரர்கள். ஆர்மேனிய மண்ணில் ரஷ்யக்காரனிடம் பாஸ்போர்ட்டை நீட்டுவது ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

அங்கே ஒரு மேடு. நின்றால் எதிரே முழு நகரமும் தெரிகிறது. குவிமாடம் இல்லாத தேவாலயம், நீங்கள் சொன்ன பாதித் தேவாலயம், பள்ளத்தின் ஓரத்தில் உங்கள் வணிகர் கட்டியது. கீழே ஆற்றில் பழைய பாலத்தின் இரண்டு பக்கத்து அடிக்கட்டு மட்டும் இருக்கிறது, நடுவளைவு இல்லை. எதிர்க்கரையில் சுற்றுலாப் பயணிகள் எறும்பாக ஊர்வது தெரிந்தது. எங்களோடு வந்த ஆர்மேனியக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார், திரும்பும்வரை போடவில்லை.

இப்போது உங்கள் வழிகாட்டி கதைக்கு வருகிறேன். எங்கள் வழிகாட்டியம்மா 961-ல் ஆரம்பித்து 1045-ல் நிறுத்திவிட்டார். "பிறகு நாங்கள் எல்லாவற்றையும் இழந்தோம்." முடிந்தது கதை. எதிரே கண் முன்னால் ஒரு மசூதியின் மினாரா நிற்கிறது, அது என்ன என்று நான் கேட்டதற்கு "பிற்காலத்தது" என்று ஒரே வார்த்தை.

மதுரைக்காரி:

அட! அங்கே 1045-ல் முடிக்கிறார்கள், இங்கே 1064-ல் தொடங்குகிறார்கள். அப்படியானால் எனக்குப் பிடித்த அந்தத் தேவாலயம் யார் கதையிலும் வராது. அது 1215 அல்லவா? வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து சொல்கிறார்: 1199-ல் ஜார்ஜிய ராணி தாமாரின் படைத்தலைவர்களான ஜகாரியர்கள் ஊரைப் பிடித்தார்கள், அவர்கள் ஆர்மேனிய வம்சம், அந்தக் காலத்தில்தான் இந்த மாதிரி வணிகர்கள் பணத்தில் புரண்டார்கள் என்று. ஓவியங்களுக்கு நடுவே ஜார்ஜிய எழுத்து இருந்தது ஏன் என்று அப்போது எனக்குப் புரியவில்லை, இப்போது புரிகிறது. ராஜா போனால் ஊர் செத்துவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். கடைத்தெரு பாட்டுக்கு நடந்துகொண்டுதான் இருந்திருக்கிறது.

ஜெர்மனியிலிருந்து ஒரு யாழ்ப்பாணத்தான்:

நான் தொண்ணூறுகளின் கடைசியில் போனவன். அப்போது நினைத்தவுடன் அங்கே போக ஏலாது. கார்ஸில் எழுதிக் கொடுத்து, பொலிஸில் முத்திரை குத்தி, பிறகுதான் வாகனம். கூடவே ஆமிக்காரன். எல்லைப் பக்கம் கையை நீட்டிக் காட்டக்கூட விடவில்லை, கமராவை அந்தப் பக்கம் திருப்பினால் விசில் அடிப்பான். சோவியத் காலத்தில் ஒரு பக்கம் நேட்டோ, மறுபக்கம் சோவியத் என்று நின்ற எல்லை அல்லவா, அந்தப் பழக்கம் சனத்துக்கு விட்டுப் போகவில்லை. 2004-ல்தான் அந்த அனுமதி முறையை எடுத்தார்கள். 2016-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது.

எங்களுக்கு வந்த வழிகாட்டி வயதானவர், குர்தியர். அவர் அங்கேயுள்ள மனூச்செஹ்ர் மசூதியில்தான் கனநேரம் நின்று கதைத்தார். அனடோலியாவில் துருக்கியர் கட்டிய முதல் மசூதி என்று எல்லோரும் சொல்வார்கள், உண்மை வேறு என்றார். செல்ஜுக்குகள் அனியை ஷத்தாதியர் என்ற குர்து வம்சத்துக்கு விற்றுவிட்டார்கள், மனூச்செஹ்ர் அந்த வம்சத்து அமீர். ஆக, அவருடைய கதை 1072-ல் தொடங்கியது, தங்கச்சி! எங்கள் ஊர் ஞாபகம் எனக்கு வந்ததை இங்கே விரித்து எழுதவில்லை.

அந்த மசூதியின் சன்னலுக்குள்ளால் பள்ளத்தையும் உடைந்த பாலத்தையும் பார்க்காமல் திரும்பாதீர்கள். மேற்கூரையில் கறுப்பும் சிவப்புமாகக் கல் பதித்த வேலையையும் அண்ணாந்து பாருங்கள். பெரும்பாலானோர் சன்னலில் நின்று படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சென்னைவாசி:

நம்ம பாரிமுனை ஆர்மேனியன் தெரு தேவாலயத்துக்குப் போயிருக்கிறீர்களா? 1772-ல் கட்டியது. உலகத்தின் முதல் ஆர்மேனிய மொழிப் பத்திரிகை "அஸ்தராரா"வை 1794-ல் சென்னையில் அச்சிட்ட பாதிரியாரின் கல்லறை அங்கேதான். அனியிலிருந்து கிளம்பியவர்கள்தானே நம்ம ஊர் வரைக்கும் வந்தார்கள்?

யெரெவான் மாணவன்:

நேரடியாக அப்படிச் சொல்ல முடியாது அண்ணா. சென்னைக்கு வந்த வணிகர்களின் வேர் பெரும்பாலும் ஜுல்ஃபாவில். அது அராஸ் ஆற்றங்கரை ஊர். 1600களின் தொடக்கத்தில் ஷா அப்பாஸ் அந்த ஊரையே கிளப்பி இஸ்ஃபஹான் பக்கத்தில் புதிய ஜுல்ஃபாவில் குடிவைத்தார். அங்கிருந்துதான் மெட்ராஸ், கல்கத்தா எல்லாம். அனிக்காரர்கள் சிதறியது வேறு திசைகளில், அதற்கும் பல நூறு வருஷம் முன்னால்.

அனிக்கு விசா கிடைக்காதவர்கள் க்யூம்ரியில் அமேனாப்ர்கிச் தேவாலயத்தைப் பாருங்கள். அனியின் பெரிய தேவாலயத்தை மாதிரியாக வைத்து 1859-ல் தொடங்கி 1873-ல் முடித்தது. 1988 டிசம்பர் 7 நிலநடுக்கத்தில் இதன் குவிமாடம் விழுந்தது. அதே அதிர்ச்சியில்தான் ஆற்றுக்கு அந்தப் பக்கம் அனியில் மூலக் கட்டடத்தின் வடமேற்கு மூலையும் சரிந்தது. அன்றைக்கு இந்தப் பகுதியில் செத்தவர்கள் 25,000 பேர். இது மட்டும் எங்கள் வழிகாட்டியம்மா ஒன்று விடாமல் சொன்னார். அப்போது அவருக்குப் பள்ளிக்கூட வயது.

மதுரைக்காரி:

தம்பி, அங்கிருந்து கார்ஸுக்கு வர வழி உண்டா? என் நாத்தனார் மகள் இரண்டு கரையையும் ஒரே பயணத்தில் பார்க்க வேண்டும் என்கிறாள்.

யெரெவான் மாணவன்:

நேராக வர முடியாது அக்கா. க்யூம்ரியிலிருந்து வடக்கே பாவ்ரா எல்லையில் ஜார்ஜியாவுக்குள் போய், அகல்கலாகி வழியாக மறுபடி துருக்கிக்குள் இறங்க வேண்டும். கண்ணுக்கெதிரே இருக்கிற இடத்துக்கு மூன்று நாட்டு முத்திரை. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஜார்ஜியா, துருக்கி இரண்டு விசாவையும் கிளம்பும் முன்பே கையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். எல்லையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வரவேண்டாம். இரண்டு பக்கமும் வழிகாட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். முதல் கேள்வியை மாமா கேட்ட மாதிரியே கேட்கட்டும்.