விற்க எழுதியவர்களே, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

பாம்பன் (தொடங்கியவர்; இங்கே எல்லாரும் ஊர்ப் பெயரில்தான் எழுதுகிறோம்)

காப்பி (பொருளை விற்க எழுதுகிற விளம்பர வாசகம்) எழுதிக் கொடுக்கிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா, "யார் நோட்டைப் பார்த்து?" என்றார். இன்றைக்கும் அவருக்கு முழுசாகப் புரியவில்லை. கருவாடு விற்க வாட்ஸ்அப்பில் எழுதித் தருகிற வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

புதிதாக எழுத வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இவைதான். எவ்வளவு நீளம் எழுதணும், ஆஃபர் போடணுமா, "கடைசி நாள்" என்று போட்டால் வேலை செய்யுமா, எழுத்துத் தமிழா பேச்சுத் தமிழா. விதி சொல்கிற அளவுக்கு நான் ஆள் இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், நீங்களும் சொல்லுங்கள்.

முதல் வேலை சித்தியின் நெத்திலிக் கருவாடு. "மன்னார் வளைகுடாவின் தரமும் சுவையும் நிறைந்த, பாரம்பரிய முறையில் பதப்படுத்தப்பட்ட" என்று ஆரம்பித்து அரைப் பக்கம் எழுதினேன். படித்தவர்கள் எல்லாரும் அழகாக இருக்கிறது என்றார்கள். வந்தது மூன்று ஆர்டர், அதில் இரண்டு சொந்தக்காரர்கள்.

அப்புறம் ஒரு வாரம் சித்தியின் போனை என்னிடமே வைத்துக்கொண்டேன். சென்னை, கோவையிலிருந்து கூப்பிட்டவர்களில் ஒருவர்கூடப் பாரம்பரியத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "மணல் இருக்குமா?" "தலை கிள்ளினதா?" "ரொம்ப உப்புக் கரிக்குமா?" ஒரு அம்மா குரலைத் தாழ்த்தி, "பார்சல் வாசம் அடிக்குமா தம்பி? எங்க அப்பார்ட்மெண்ட்ல..." என்று பாதியிலேயே நிறுத்திவிட்டார். எனக்குச் சோறு போட்டது அந்தப் பாதி வாக்கியம்தான்.

திரும்ப எழுதினேன்:

"மணல் கடிபடாது. தரையில் போடாமல், கம்பு நட்டு வலை கட்டி அதன் மேல் காயப்போடுகிறோம். தலை கிள்ளியது. மூன்று உறை போட்டு ஒட்டி அனுப்புவதால், கொண்டு வருகிற கூரியர் தம்பிக்கே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. மணல் இருந்தால் போட்டோ அனுப்புங்கள், பணத்தைத் திருப்பித் தருகிறோம். வேண்டுமானால் 'நெத்திலி' என்று மட்டும் பதில் போடுங்கள்."

கடைசி வரியைக் கவனியுங்கள். பெரிய சோப்புக் கம்பெனிக்குப் பெயர் மனசில் பதிந்தால் போதும், என்றைக்காவது கடையில் வாங்குவார்கள். டைரக்ட் ரெஸ்பான்ஸ் எழுத்து அப்படி இல்லை. படித்த கையோடு ஆள் ஒரு காரியம் செய்யணும், எத்தனை பேர் செய்தார்கள் என்று நம்மால் எண்ணவும் முடியணும். அமெரிக்காவில் க்ளாட் ஹாப்கின்ஸ் நூறு வருஷத்துக்கு முன்னாலேயே பத்திரிகை விளம்பரத்தில் வெட்டி அனுப்புகிற கூப்பனுக்குத் தனித்தனி அடையாளம் போட்டு, எந்த விளம்பரம் ஆளைக் கொண்டுவந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தார். நான் அதையே வாட்ஸ்அப்பில் செய்தேன். மணலை முதல் வரியில் வைத்ததற்கு 'நெத்திலி', வாசத்தை முதல் வரியில் வைத்ததற்கு 'கருவாடு' என்று பதில் கேட்டேன். மணல்தான் ஜெயிக்கும் என்று சித்தியிடம் பந்தயம் கட்டியிருந்தேன். வாசம் ஜெயித்தது.

சாயல்குடி

அண்ணே, எனக்கு நடந்தது வேற மாதிரி. மாமா வீட்டுக் கருப்பட்டிக்கு எழுதும்போது, "சர்க்கரை நோயைக் குணமாக்கும்" என்று போடச் சொன்னார். எல்லாரும் போடுகிறார்களே என்று நானும் போட்டேன். ஆர்டர் நன்றாகத்தான் வந்தது. மருந்துக் கடை வைத்திருக்கிற நண்பன் பார்த்துவிட்டு, "உள்ளே போக ஆசையா?" என்றான். குணமாக்கும் என்று மருந்து விளம்பரம் செய்யக் கூடாத நோய்கள் என்று 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது, அதில் சர்க்கரை நோயும் உண்டு. உணவுப் பொருள் என்றால் 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் தனி. தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம். மாமாவின் மொத்த வியாபாரமே அவ்வளவு வராது.

சட்டத்தை விடுங்கள். அதை நம்பி ஒரு சர்க்கரை நோயாளி மாத்திரையை நிறுத்தியிருந்தால்? அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

எடுத்துவிட்டு என்ன எழுதுவது என்று தெரியாமல் குறையையே எழுதினேன். "மழைக்காலத்தில் கசியும். ஃபிரிட்ஜ் வேண்டாம், காய்ந்த டப்பாவில் போட்டு இறுக மூடுங்கள். ஒவ்வொரு வட்டும் ஒரே நிறத்தில் இருக்காது, ஒவ்வொரு நாளும் காய்ச்சுகிற பதம் ஒவ்வொரு மாதிரி. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தில் சுண்ணாம்பு தடவுகிறோம், அடியில் கொஞ்சம் தெரிந்தால் பயப்படாதீர்கள்." மாமாவுக்குக் கோபம். "நம்ம பொருளை நாமே குறை சொல்றதா?" ஆனால் சீனி கலந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டுக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கசியும் என்று முன்கூட்டியே சொன்னவன் சீனி கலக்க மாட்டான் என்று நினைத்தார்களோ என்னவோ.

தொண்டி

எல்லாரும் நீளமாக எழுதுகிறீர்கள். எங்கள் வாப்பா முப்பது வருஷமாக நண்டு வியாபாரம். அவருடைய செய்தி மொத்தமே இதுதான்: "நாளை காலை வரும். யாருக்கு எவ்வளவு?" எல்லாம் விற்றுவிடுகிறது.

பாம்பன்

சரிதான் காக்கா. முப்பது வருஷமாக வாங்குகிறவருக்கு எதை நிரூபிக்கணும்? முகம் தெரியாத ஊரில், முன்பணம் அனுப்பச் சொல்கிறோமே, அங்கேதான் நீளம் தேவைப்படுகிறது. வாங்குகிறவருக்கு எத்தனை சந்தேகமோ அத்தனை வரி.

தங்கச்சிமடம்

நீளம் பற்றி என் பங்குக்கு ஒரு அடி. எங்களுக்கு மல்லிகை நாற்று. சீசனுக்கு முன்னால் பழைய விவசாயிகளுக்கு எஸ்.எம்.எஸ். அனுப்பலாம் என்று ஒரு அழகான செய்தி எழுதினேன். பில் மூன்று மடங்கு வந்தது. ஆங்கிலத்தில் ஒரு எஸ்.எம்.எஸ்.ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அந்த எழுபதிலும் 'கி' என்று போட்டால் இரண்டு, 'ம்' என்று போட்டாலும் இரண்டு. "அன்பார்ந்த விவசாயப் பெருமக்களே" என்று மரியாதை சொல்லி முடிப்பதற்குள் கிட்டத்தட்ட பாதி காலி. இப்போது "மல்லி நாற்று ரெடி. பதியன், வேர் பிடித்தது" என்று நேராக ஆரம்பிக்கிறேன்.

ஒரே செய்தியைப் பல பேருக்குத் தனித்தனியாக அனுப்புகிற வாட்ஸ்அப் பிராட்காஸ்டிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு பட்டியலுக்கு 256 பேர், அதிலும் நம் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்குத்தான் போகும். இது தெரியாமல் ஒரு சீசன் முழுக்க, என் எழுத்துதான் சரியில்லை என்று மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தேன். போய்ச் சேரவே இல்லை! இப்போது நாற்றோடு ஒரு சீட்டு வைக்கிறோம்: "எங்கள் நம்பரைப் பதிந்து வையுங்கள், கவாத்து எப்போது என்று சொல்கிறோம்."

பாம்பன்

"கடைசி நாள்" விஷயம் விட்டுப்போச்சு. போன வருஷம் "கடைசி 5 பாக்கெட்" என்று போட்டேன். ஓடியது. அடுத்த மாதமும் அதையே போட்டேன். கோவை அம்மா ஒருவர், "போன மாசத்து அஞ்சு பாக்கெட் இன்னும் தீரலையா?" என்று கேட்டார், சிரிக்கவே இல்லை. அதற்குப் பிறகு அவர் வாங்கவும் இல்லை.

நம் கடலிலேயே நிஜமான கெடு ஒன்று இருக்கும்போது பொய்க் கெடு எதற்கு? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. "தடைக்காலத்துக்கு முன் காய்ந்தது இவ்வளவுதான், தீர்ந்தால் ஜூன் கழித்துத்தான்" என்று மார்ச் கடைசியில் எழுதினேன். மீனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சில பேர் இரண்டு மாதத்துக்கும் சேர்த்து வாங்கினார்கள்.

கீழக்கரை

நான் பனை ஓலைக் கொட்டான் செய்து விற்கிறேன், கல்யாணத்துக்குத் தாம்பூலம் வைக்க. ஒருவரிடம் காசு கொடுத்து எழுதி வாங்கினேன். "இயற்கையோடு இணைந்த கைவினை அழகு" என்று வந்தது. விற்கவில்லை. நான் என்ன எழுதணும் தம்பி?

பாம்பன்

இப்போதைக்கு எதுவும் எழுதாதீங்க லாத்தா. கடைசியாகக் கூப்பிட்ட பத்துப் பேர் என்ன கேட்டார்கள் என்று அவர்கள் வாய் வார்த்தையிலேயே குறித்துப் போடுங்கள்.

கீழக்கரை

பார்த்தேன். "பூஞ்சை பிடிக்குமா?" நாலு பேர். "தேங்காய் வைத்தால் கைப்பிடி தாங்குமா?" மூன்று பேர். "பெயர் பின்னித் தருவீங்களா?" ஒருவர். விலை கேட்டவர்கள் இரண்டே பேர். கைப்பிடி தாங்கும், ஒரு தேங்காயும் ரெண்டு சீப்பு வாழைப்பழமும் வைத்து இப்போதுதான் தூக்கிப் பார்த்தேன். போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறேன்.