ஊசியோடு சிக்கும் பையனைப் போலீஸில் கொடுக்கலாமா?

தெருவிளக்கு:
எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் ஒரு தீர்மானம் வருகிறது. அதைப் பேசத்தான் இந்தத் திரி. இடம் வடசென்னை. மைதானச் சுவரோரம் பெருக்க வரும் அம்மா தினமும் சிரிஞ்சும் காலி மாத்திரை அட்டையும் அள்ளிப் போடுகிறார். கடுமையான வலிக்கு டாக்டர் எழுதித் தரும் டேபென்டடால் மாத்திரை. அதைக் கரைத்து நரம்பில் ஏற்றிக்கொள்கிறார்கள். எல்லாரும் இருபது வயசை ஒட்டிய பையன்கள்.

தீர்மானம் இவ்வளவுதான்: ஊசியோடு யார் சிக்கினாலும், சங்கத் தலைவர் மகனே ஆனாலும், நேராகக் காவல் நிலையம். இரண்டாம் முறை சிக்கினால் பெயர் அறிவிப்புப் பலகையில் ஏறும். நான் செயலாளர், ஆதரிக்கிறேன். எதிர்ப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள். "பாவம், சின்னப் பசங்க" என்பதைக் காரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கறார் கணேசன்:
முழு ஆதரவு. போன மாதம் என் பைக் பேட்டரி போனது, அதற்கு முன் பக்கத்து வீட்டுத் தண்ணீர் மோட்டார். பயம் இருந்தால்தான் அடங்குவார்கள். என் மச்சான் சிங்கப்பூரில் இருக்கிறான். அங்கே ஒருத்தன் மைதானத்தில் ஊசியோடு உட்கார முடியுமா?

இரவுப்பணி:
அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். ராத்திரி இரண்டு மணி வாக்கில் ஒரே பைக்கில் மூன்று பேர் வருவார்கள். நடுவில் இருப்பவன் தலை தொங்கியிருக்கும். அவனை வாசல் பெஞ்சில் சாய்த்துவிட்டு மற்ற இரண்டு பேரும் பறந்துவிடுவார்கள். என்ன போட்டான், எவ்வளவு போட்டான் என்று சொல்ல ஆள் இருக்காது. பெயர்கூடத் தெரியாது. ஏன் ஓடுகிறார்கள்? கேஸ் ஆகிவிடும் என்ற பயம்.

இந்த வகை மருந்து அளவு மீறினால் மூச்சை மெல்ல மெல்ல அடக்கும். உதடு நீலம் பாயும். குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும், தூங்குகிறான் என்று கூட இருப்பவன் நினைத்துக்கொள்வான். அப்போது ஒருக்களித்துப் படுக்க வைத்து, 108-ஐ அழைத்து, கூடவே ஒருவன் இருந்தால் பிழைக்க வழி உண்டு. நலாக்சோன் ஊசி போட்டால் சில நிமிடத்தில் மூச்சு திரும்பும். தனியாகக் கிடந்தால் காலையில் பெருக்க வரும் அம்மாதான் பார்ப்பார். உங்கள் தீர்மானம் மைதானத்தைக் காலி செய்யும், சரி. அவர்கள் எங்கே போவார்கள்? பூட்டிய கழிப்பறைக்கும் தண்டவாள ஓரத்துக்கும், ஆளுக்கொரு மூலையாக.

மருந்துச்சீட்டு:
மெடிக்கல் வைத்திருக்கிறேன். எப்படியும் எங்களைத்தான் முறைப்பீர்கள், நானே சொல்லிவிடுகிறேன். சீட்டு இல்லாமல் இதை விற்கக் கூடாது. விற்கிற கடைகளும் இருக்கின்றன. என் கடைக்கு வரும் பையன் போனில் ஒரு சீட்டின் படத்தை நீட்டுவான். அடுத்த நாள் வேறு பையன், வேறு பெயர், அதே டாக்டர் முத்திரை, அதே கையெழுத்து, தேதி மட்டும் மாறியிருக்கும். இல்லை என்றால் வாதாட மாட்டான், பேசாமல் அடுத்த கடைக்குப் போவான். அப்புறம் கூரியர் இருக்கிறது. வெளிமாநிலத்திலிருந்து பெட்டி பெட்டியாக இறங்குகிறது.

டிரமடால் என்ற இன்னொரு வலி மாத்திரையை 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதன் பிறகு என் கடையில் கேட்கும் பெயர் டேபென்டடால் ஆகிவிட்டது. இதை இறுக்கினால் இன்னொன்று வரும். அதற்காக இறுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பெட்டி இறக்குகிறவனைப் பற்றி மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். சங்கத்தின் லெட்டர் பேடில் எழுதுங்கள், தனி ஆள் எழுதினால் வீடு தேடி மிரட்டல் வரும்.

தெருவிளக்கு:
விற்பவனைப் பிடிப்பதில் இங்கே சண்டை இல்லை. நர்ஸ் மேடம், ஒரு கேள்வி. மருத்துவமனைக்கு அழைத்து வந்தால் அங்கேயும் நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரைதான் வைக்கிறீர்களாம். அதுவும் இதே இனத்து மருந்தாமே? அரசாங்கச் செலவில் போதையா?

இரவுப்பணி:
ஆமாம், பியூப்ரினார்ஃபின். அதே இனம்தான். ஆனால் ஓர் அளவுக்கு மேல் கூட்டினாலும் வேகம் கூடாது, மூச்சையும் அவ்வளவு எளிதில் நிறுத்தாது. எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழேயே இதைப் பல வருடமாகக் கொடுக்கிறார்கள். ஒரே சிரிஞ்சை நாலு பேர் மாற்றிப் போட்டுக்கொண்டால் எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் சி-யும் கூடவே வரும்.

மாத்திரையைப் பொடித்து நாக்கடியில் வைப்போம். கரையும்வரை எதிரிலேயே உட்கார வேண்டும். பிறகு வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டி, இரண்டு வார்த்தை பேச வேண்டும். அப்புறம்தான் அனுப்புவோம். இதில் என்ன கொண்டாட்டம்? உடம்பு முறுக்காமல் வேலைக்குப் போக அவனுக்கு ஒரு நாள் கிடைக்கிறது, அவ்வளவுதான். பஞ்சாபில் 2017 முதல் இதற்கென்றே புறநோயாளி மையங்கள் நடத்துகிறார்கள்.

திடீரென்று நிறுத்தினால் கொட்டாவி, மூக்கொழுகல், வயிற்றுப்போக்கு, எலும்பைப் பிழிகிற வலி. முதல் சில நாள்தான் உச்சம். அது அடங்கியதும் பிள்ளை தேறிவிட்டான் என்று வீட்டில் நிம்மதியாகிவிடுவார்கள். ஆபத்தே அப்போதுதான். உடம்பின் தாங்கும் சக்தி இறங்கியிருக்கும், பழைய அளவையே மறுபடி ஏற்றினால் ஆள் போய்விடலாம். ஜெயிலிலிருந்து வெளியே வருகிறவனுக்கும் இதே கதி. ஸ்டேஷன், ரிமாண்ட், ஜாமீன், வெளியே வந்ததும் ஒரு ஊசி. இந்த வரிசையைக் கொஞ்சம் யோசியுங்கள்.

கறார் கணேசன்:
எல்லாம் சரி மேடம், வாழ்நாள் முழுக்க நாக்கடியில் மாத்திரையா?

இரவுப்பணி:
சிலருக்கு மாதக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு. குறைப்பதை டாக்டர் முடிவு செய்வார். அந்த வருஷங்களில் உங்கள் பேட்டரி பைக்கிலேயே இருக்கும்.

வடகரை அக்கா:
என் தம்பி இதில் மாட்டினான். என் தோடு, கேஸ் சிலிண்டர், கடைசியில் அம்மாவின் தையல் மிஷின். கணேசன் அண்ணன் கோபம் எனக்குப் புரியும், என் கோபம் அதைவிடப் பெரியது. ஒரு தனியார் மையத்தில் சேர்த்தோம். போன் பேச விடவில்லை. நேரில் போனால் "அடுத்த வாரம் வாங்க" என்பார்கள். வெளியே வந்தபோது முதுகில் தழும்பு. வந்த வாரமே மறுபடி ஆரம்பித்தான். இப்படிப்பட்ட இடங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், உள்ளே இருப்பவனுக்கும் உரிமை உண்டு என்று 2017-இலேயே மனநலப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதாம். எங்களுக்கு யார் சொன்னார்கள்? அப்புறம்தான் அரசு மருத்துவமனை. நடுவில் விட்டுவிட்டு ஓடினான், திரும்ப வந்தான், இன்னும் போகிறோம்.

பலகை விஷயத்துக்கு வருகிறேன். தெருவுக்குத் தெரிந்ததிலிருந்து எங்கள் வீட்டுக்கு யாரும் கல்யாணப் பத்திரிகை வைப்பதில்லை. எனக்கு வந்த வரன் நின்றது. மெக்கானிக் கடையில் தம்பியைத் திரும்பச் சேர்க்கவில்லை. வேலை இல்லாத பையன் பகல் முழுக்க எங்கே உட்காருவான், அதே சுவரோரம்தான். இதைப் பார்க்கிற அடுத்த வீட்டு அம்மா தன் பிள்ளையை மருத்துவமனைக்குக் கூட்டிப் போவாரா, மூடி மறைப்பாரா?

யாழ் வாசகன்:
யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே ஹெரோயின். பிடித்து அடைத்துப் பார்த்த நாடு எங்களது. பொலன்னறுவைப் பக்கம் கந்தக்காட்டில் படையினரின் பொறுப்பில் ஒரு புனர்வாழ்வு நிலையம். 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்ததும் கலவரமாகி, நூற்றுக்கணக்கானோர் தப்பி ஓடினார்கள். 2023 டிசம்பரில் 'யுக்திய' என்று நாடு முழுக்கச் சுற்றிவளைப்பு, ஆயிரக்கணக்கில் கைது. தூள் இன்னும் கிடைக்கிறது.

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையம் செய்தது சின்ன வேலை. பின்னேரத்தில் கரப்பந்து வலை கட்டினோம், பழக்கத்தில் இருந்த பெடியன்களையும் சேர்த்துத்தான். அதனால் தூள் ஒழிந்தது என்று கதை விடமாட்டேன். ஒருத்தன் இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போய் ஏன் என்று கேட்க ஆள் இருக்கிறது.

மருந்துச்சீட்டு:
கணேசன், சிங்கப்பூரிலும் தூக்குத் தண்டனை போதை கடத்துகிறவனுக்குத்தான். உட்கொண்டதோடு நின்றவனைக் கட்டாய மறுவாழ்வு மையத்துக்கு அனுப்புகிறார்கள், அதற்காகக் குற்றப் பதிவு ஏறாது. நம் 1985 போதைப்பொருள் சட்டத்திலும் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பயன்படுத்தியதற்காகவோ சிறு அளவு வைத்திருந்ததற்காகவோ வழக்கில் சிக்கிய போதை அடிமை, தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்தால் வழக்கிலிருந்து விலக்கு கிடைக்கும். பாதியில் விட்டால் அந்த விலக்கு போகலாம்.

கறார் கணேசன்:
கட்டாயம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்களே! நானும் அதைத்தான் கேட்கிறேன்.

இரவுப்பணி:
இந்த வகைப் போதையால் உதவி தேவைப்படுகிறவர்கள் நாட்டில் சுமார் 77 லட்சம் பேர் என்றது 2019-இல் வெளியான எய்ம்ஸ் கணக்கு. எத்தனை கட்டில் போடுவீர்கள், எத்தனை பூட்டு வாங்குவீர்கள்?

தெருவிளக்கு:
பலகையில் பெயர் போடுவதை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 14446 உதவி எண்ணைப் போடலாம். சிக்குகிறவனின் வீட்டாரை முதலில் அழைத்துப் பேசுவது, அரசு மருத்துவமனைக்குச் சங்கத்திலிருந்து ஒருவர் துணை போவது என்று திருத்தி எழுதுகிறேன். 2025-இல் 25 அரசு மருத்துவமனைகளில் 'கலங்கரை' என்று மீட்பு மையம் திறந்தார்கள், நமக்குப் பக்கத்தில் எது என்று விசாரிக்கிறேன். ஆனால் மற்றப் பையன்களுக்கு விற்கிறவன் எந்த வயசானாலும் போலீஸ்தான். அதில் பேச்சு இல்லை.

இரவுப்பணி:
தன் ஊசிச் செலவுக்காக நண்பனுக்கு இரண்டு மாத்திரை விற்கிறவனும் இருக்கிறான். அவன் எந்தக் கணக்கில் வருவான்?

தெருவிளக்கு:
அதை ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் கேளுங்கள். என்னிடம் இப்போது பதில் இல்லை.

கறார் கணேசன்:
நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். துணை போவது என்கிறீர்களே, காலையில் வேலையை விட்டுவிட்டு யார் போவது? பெயர் கொடுங்கள் பார்க்கலாம்.

வடகரை அக்கா:
எட்டரை மணிக்கு நான் தம்பியோடு கிளம்புகிறேன், ஆட்டோவில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது. புதன்கிழமை மட்டும் என்னால் ஷிஃப்ட் மாற்ற முடியாது. அன்றைக்கு ஆள் வேண்டும்.