திருமணத்திற்குக் கேண்டிட் படங்களா, வழக்கமான மேடைப் படங்களா?

கேள்வி: ஆவணியில் மதுரையில் என் தங்கைக்குத் திருமணம். போஸ் கொடுக்க வைக்காமல் இயல்பாக எடுக்கும் கேண்டிட் முறையில் மட்டும் எடுத்தால் போதும் என்கிறாள் அவள். உறவினர்கள் மேடையில் வரிசையாக நிற்கும் படங்கள் இல்லாவிட்டால் அப்பா வருத்தப்படுவார். இரண்டுக்கும் ஒரே புகைப்படக் கலைஞரை அமர்த்தலாமா?

மறுமொழி 1: ஒருவரால் இயலாது. நாத்தனார் மூன்றாம் முடிச்சுப் போடுவதை அருகிலிருந்து எடுப்பவரால், அதே கணத்தில் அட்சதை தூவும் கூட்டத்தில் கண்கலங்கி நிற்கும் பெண்ணின் தாயை எடுக்க முடியாது. செலவைக் குறைக்க வேண்டுமானால் ட்ரோனை விட்டுவிடுங்கள். மண்டபத்துக்குள் அதற்கு என்ன வேலை?

மறுமொழி 2: இன்ஸ்டாகிராமில் பொறுக்கிப் போட்டிருக்கும் படங்களை நம்பாமல், ஒரே திருமணத்தின் முழு ஆல்பத்தையும் காட்டச் சொல்லுங்கள். ஓமப் புகையும் மேடையின் வண்ண எல்இடி விளக்குகளும் சேரும்போது முகத்தின் நிறத்தை அவர் எப்படிக் கையாண்டிருக்கிறார் என்பது அதில்தான் தெரியும். இரண்டு மெமரி கார்டுகளில் ஒருசேரப் பதியும் கேமரா வைத்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். ஒன்று பழுதானாலும் படங்கள் தப்பும்.

மறுமொழி 3: ஆல்பத்தின் பக்க எண்ணிக்கை, ஒப்படைக்கும் நாள், முகூர்த்தத்தன்று நேரில் வந்து எடுக்கப்போகிறவர் யார் என்பவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். குழுப்படங்களுக்கு, உறவினர் பட்டியலுடன் சித்தப்பா ஒருவரை மேடையருகே நிறுத்துங்கள்.