மறு: தூண்டில் குண்டு வார்க்கும் அச்சுக்கு ஒரு பெயர்

> ஒரே நேரத்தில் பல குண்டுகள் வார்க்கும் அச்சுக்குப் ‘பன்முகக் குடைவு வார்ப்பச்சு’ என்பது என் பரிந்துரை. மற்றவர்கள் கருத்து?

ஐயா, வணக்கம்.

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் அச்சு கடைபவரிடம் இந்தச் சொல்லைச் சொன்னால், எத்தனை முகம் என்று திருப்பிக் கேட்பார். ஒன்றோடொன்று பொருந்தும் முகம் இரண்டுதான். உள்ளே இருக்கும் குழிகள்தாம் பல. ‘குடைவு’ என்றதும் எனக்குப் பாறையும் கோயிலுமே நினைவுக்கு வருகின்றன. குழி போதுமே! பல்லாங்குழி ஆடியவர்களுக்குப் ‘பல்குழி அச்சு’ புரியாமலா போகும்?

இன்னொன்று. தூண்டில் குண்டுக்கு அச்சு செய்யச் சொல்லி வருகிறவர்கள் யாரும் ‘பல’ என்று கேட்பதில்லை. கன்னடமோ தமிழோ, எண்ணைத்தான் சொல்கிறார்கள்: 12 மில்லிமீட்டர், ஆறு குழி. ஆகவே அகராதியில் பல்குழி அச்சு. பட்டறையில் ஆறுகுழி அச்சு, எட்டுக்குழி அச்சு. ‘அறுசுவை’யைக் காட்டி ‘அறுகுழி’ என்று யாரும் திருத்த வர வேண்டாம். அறுப்பதற்கான குழி என்று நினைத்துவிடுவார்கள்.

குண்டுக்கு முன்னால் வெறும் ‘ஈயம்’ போடாதீர்கள். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். நாம் உருக்குவது காரீயம், நஞ்சு. ‘காரீயக் குண்டு’ என்றே எழுதுவோம்.

உங்கள் கலைச்சொல் பட்டியலில் எனக்கு உறுத்துவது, குழியின் வாய்க்கு மேலே நின்று இறுகும் மிச்சத்தைக் ‘கழிவு’ என்றிருப்பது. காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும், இறுகும்போது சுருங்கும். குழிக்குள் இருப்பது சுருங்கச் சுருங்க, மேலே இன்னும் இளகியிருக்கும் இந்த மிச்சம்தான் இறங்கி அந்த இடத்தை நிரப்புகிறது. கஞ்சத்தனமாக ஊற்றினால் குண்டின் தலையில் பள்ளம் விழும். 10 கிராம் இருக்க வேண்டிய 12 மில்லிமீட்டர் குண்டு எடை குறையும். காய்க்குக் காம்பு செய்கிற வேலையைத்தான் அது செய்கிறது. எனவே ‘காம்பு’. அதை நறுக்கும் தகட்டுக்குக் ‘காம்புவெட்டித் தகடு’. குழிகளின் தலைக்கு மேல் ஓடும் நீண்ட பள்ளத்துக்கு ‘வாய்க்கால்’ இருக்கவே இருக்கிறது.

அன்புடன்,
பீன்யாவிலிருந்து

---

> காம்புவெட்டித் தகடு

தம்பி, பாக்குவெட்டி இருக்கிற மொழியில் தகடு எதற்கு? ‘காம்புவெட்டி’ என்றாலே கை தானாக அதைத் தேடும். ‘காம்பு’க்கு என் முழு ஒப்புதல். ‘கழிவு’ என்று படிக்கிற புதுப் பையன் அதைக் குப்பையில் போட்டுவிடுவான். அது உருக்கும் கொப்பரைக்குத் திரும்ப வேண்டிய காரீயம்.

எட்டுக்குழி சரி. ஆனால் துளையுள்ள வலைக்குண்டுக்கு அதே அச்சில் குறுக்கே கம்பி செருகுகிறார்களே, அதற்கும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். நான் ‘துளையூசி’ என்று எழுதிவைத்திருக்கிறேன். அச்சு சூடேறும் முன் வார்த்து, தோல் சுருங்கி வரும் முதல் குண்டுகளுக்கு உங்கள் பட்டறையில் ஏதாவது பெயர் உண்டா? திரும்ப உருக்கத்தான் போகிறோம். இருந்தாலும் பட்டியலில் அந்த வரி மட்டும் காலியாக இருக்கிறது.